உயர்கணிதமும் சமத்துவமும்

கல்வியிற் சமத்துவம் வேண்டுமென்பதை இன்று மறுப்பாரில்லை. அதனை எவ்வழியால் எய்துவது என்பதிலேயே பிணக்கு எழுகின்றது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலே பத்தாண்டு காலம் நடைபெற்ற ஒரு சோதனை இவ்வகையில் ஆராயத் தக்கது.

அந்நகரின் அரசாங்கப் பாடசாலைகளில் எட்டாம் வகுப்பிலேயே அட்சரகணிதம் கற்பிக்கப்பட்டு வந்தது. ஆயினும், அதிலே தேறாது அப்பாடத்தை மீண்டுங் கற்க நேர்ந்தோர் பலர். கறுப்பின மாணவரும் லத்தீன் அமெரிக்க வழிவந்த மாணவரும் உயர்கணித வகுப்புக்களில் மிகக் குறைவாகவே காணப்பட்டனர். இவ்வேற்றுமையைக் களையக் கருதிய கல்விச் சபை, 2014ஆம் ஆண்டில், மாணவர் யாவரும் ஒன்பதாம் வகுப்பிலேயே அட்சரகணிதத்தைத் தொடங்க வேண்டுமென விதித்தது. நோக்கம் நன்றே, விளைவு யாது?

நுண்கணிதத்தை அடையுமுன் அட்சரகணிதத்தின் இரு பகுதிகள், கேத்திரகணிதம், ஆயத்தப் பாடம் ஆகிய நான்கையும் ஒவ்வோராண்டாகக் கற்றல் வேண்டும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வகுப்புக்களோ நான்கு. எனவே, ஐந்தாம் பாடமாகிய நுண்கணிதத்துக்கு இடமில்லாது போயிற்று. அதனை விரும்பியோர் இரு பாடங்களை ஓராண்டிற் சுருக்கிக் கற்க வேண்டியதாயிற்று. கைப்பொருள் உள்ளோர் வெளியே பணங் கொடுத்துத் தம் மக்களை முன்கூட்டியே பயிற்றுவித்தனர். பந்தி வஞ்சனையைத் தீர்க்கவெண்ணி எல்லாருடைய இலையிலுங் கறியைக் குறைத்தால், வீட்டிலே உணவுள்ளவன் வீடு சென்று உண்பான். இல்லாதவனன்றோ பசியுடன் எழுவான்?

ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2023இல் வெளியிட்ட ஆய்வும், உயர்கணித வகுப்புக்களில் இனங்களுக்கிடையே இருந்த பெரும் இடைவெளி மாறவில்லையெனக் கண்டது. 2024 பெப்ரவரியில் எட்டாம் வகுப்பு அட்சரகணிதத்தை மீட்கக் கல்விச் சபை தீர்மானித்தது. அடுத்த மாதம் நடந்த வாக்கெடுப்பு சபையைச் சட்டத்தாற் கட்டுப்படுத்துவதன்று. எனினும் நகர மக்களுட் மிகப் பெரும்பான்மையோர் அப்பாடம் மீள்வதையே ஆதரித்தனர்.

இதே கலிபோர்னியா மாநிலத்தில், முப்பதாண்டுகளுக்கு முன்னரே வேறொரு வழி காட்டப்பட்டிருந்தது. கிழக்கு லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கார்பீல்ட் உயர்பாடசாலை ஏழைத் தொழிலாளர் பிள்ளைகள் பயின்ற இடம். பொலிவியாவிலிருந்து வந்த ஜெய்மி எஸ்கலான்டே என்னும் ஆசிரியர், 1974இல் அங்கே சாதாரண எண்கணிதம் கற்பிக்கத் தொடங்கினார். 1982இல் அவருடைய மாணவர் பதினெண்மர் பல்கலைக்கழகத் தரத்து நுண்கணிதப் பரீட்சையிலே தேறினர். பரீட்சை நடத்தியோர் ஐயுற்றனர். பன்னிருவர் மீண்டும் எழுதினர், பன்னிருவரும் தேறினர்.

இச்செய்தியைத் திரைப்படமாக்கிய 1988ஆம் ஆண்டுப் படம், தனி மனிதர் ஒருவரின் அற்புதமாகவே இதைக் காட்டிற்று. உண்மை அதனினும் பயனுடையது. அவ்வெற்றியின் பின்னே பல்லாண்டு உழைப்பிருந்தது. பாடசாலை நேரத்துக்கு முன்னும் பின்னும் வகுப்புக்கள் நடந்தன. விடுமுறையிலும் கற்பித்தல் ஓயவில்லை. கீழ்ப் பாடசாலைகளும் அட்சரகணிதத்தை நன்கு கற்பிக்குமாறு தூண்டப்பட்டன. அதிபரும் துணை நின்றார். எஸ்கலான்டே 1991இல் அங்கிருந்து விலகியபின், தேறுவோர் தொகை சில ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்தது. ஏழைப் பிள்ளைகளின் அறிவு அதற்குள் மங்கிவிட்டதென எவருங் கூறார். அவர்கள் ஏறிவந்த படிகளைப் பேணுவாரில்லாமையே குறை.

ஆகவே, சான் பிரான்சிஸ்கோ நகரம் பழைய வகுப்பை மீட்டதனால் மட்டும் வழக்குத் தீர்ந்துவிடாது. பின்னமும் விகிதமும் தெளியாத பிள்ளையை எட்டாம் வகுப்பிலே அட்சரகணிதத்தின் முன் நிறுத்தினால், பழைய தோல்வியே மீண்டும் வந்து சேரும். மேற்படியை அகற்றுதல் எளிது, செலவுமில்லை. கீழ்ப்படிகளை அமைத்தற்கோ நல்லாசிரியர் வேண்டும், நேரம் வேண்டும், பணமும் வேண்டும். சமத்துவத்தை மெய்யாகவே விரும்பும் கல்விச் சபை இவ்விலையைக் கொடுக்க முன்வருதல் வேண்டும்.