கேலி செய்தவன் என் மகன்!

'என் பிள்ளையை மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள்' என்று அம்மாக்கள் வருத்தப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். நான் எழுதப் போவது வேறு. கேலி செய்தவனே என் மகன்தான்.

நாங்கள் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் குடிவந்து பத்து வருஷமாகிறது. என்னவர் காபி எஸ்டேட்டில் ரைட்டர். மகன் எட்டாம் வகுப்பு. அவன் வகுப்பில், மேலே உள்ள மலைக் கிராமத்திலிருந்து தினமும் நடந்தும் பஸ்ஸிலுமாக வரும் ஒரு பையன். அவனை 'காட்டான்' என்று கூப்பிடுவது, மழை நாளில் செருப்பை ஒளித்து வைப்பது, கொண்டு வரும் சோற்றைப் பார்த்து மூக்கைப் பிடிப்பது... இதெல்லாம் மாதக்கணக்கில் நடந்திருக்கிறது. முன்னால் நின்றது என் மகன்.

அந்தப் பையன் ஒரு வாரம் பள்ளிக்கே வரவில்லை. வகுப்பு டீச்சர் அவன் வீடு தேடிப் போய் விசாரித்துவிட்டு, என்னை வரச் சொன்னார். நான் போனதும், "விளையாட்டுக்குத்தானே டீச்சர், எங்க காலத்துல இல்லாததா?" என்றேன். அவர் கோபப்படவில்லை. "விளையாட்டுன்னா ரெண்டு பேரும்ல சிரிக்கணும்? அவன் பள்ளிக்கூடமே வேணாங்கறானே" என்றார். பிறகு, "இந்தப் பேச்சை உங்க பையன் எங்க கத்துக்கிட்டான்?" என்று கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வாசலுக்குப் பழம், கீரை கொண்டு வரும் பெண்களிடம் பேரம் படியாவிட்டால், 'இந்த மலைக்காரங்களே இப்படித்தான்' என்று முணுமுணுப்பது நான்தானே!

அந்த டீச்சர் செய்ததை எல்லா ஆசிரியர்களும் செய்யலாம். பிரேயரில் நிறுத்தி யாரையும் அவமானப்படுத்தவில்லை. பிரம்பையும் எடுக்கவில்லை; 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டமே அதைத் தடை செய்கிறது. சம்பந்தப்பட்ட பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். யார் சொன்னது என்று மூச்சு விடவில்லை. வேடிக்கை பார்த்துச் சிரித்தவர்களையும் விசாரித்தார். இடம் மாற்றி உட்கார வைத்தார். சாயங்காலம் பஸ் ஏறும் வரை ஒரு ஆசிரியரைக் கூடவே நிற்க வைத்தார். இரண்டு மாதம், வாரா வாரம் அந்தப் பையனிடம் 'இப்ப எப்படி இருக்கு?' என்று கேட்டார். 'கை குலுக்கிட்டீங்கல்ல, முடிஞ்சு போச்சு' என்று அவர் விட்டுவிடவில்லை.

புகார் கொடுத்த பிள்ளையைக் காப்பாற்றுவது எத்தனை முக்கியம் என்பதை நாங்குநேரி நமக்குக் காட்டியது. 2023 ஆகஸ்டில், சக மாணவர்களின் தொல்லையால் பள்ளிக்குப் போகாமல் இருந்த பிளஸ் டூ மாணவர், நடந்ததைப் பள்ளியில் சொன்னார். அன்று இரவே வீடு புகுந்து, அவரையும் தடுக்க வந்த தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்களும் மாணவர்களே! அந்தப் பிள்ளை அதற்குப் பிறகும் பரீட்சை எழுதி, 600-க்கு 469 மார்க் வாங்கியது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் வெட்டிய பிள்ளைகளுக்கும் ஒரு வீடு இருந்ததே, அங்கே என்ன பேச்சுக் கேட்டு வளர்ந்தார்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கலர் கயிறுகளுக்குத் தடை, 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் நல அலுவலர் என்று பல யோசனைகள் அதில் உண்டு. நல்லதுதான். ஆனால் கையில் கட்டிய கயிற்றை அவிழ்த்தால் போதுமா? வீட்டில் நாம் பேசுகிற பேச்சை யார் அவிழ்ப்பது?

என் மகனைக் கூட்டிக்கொண்டு அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "உக்காருங்க அக்கா" என்று பாய் போட்டுக் காபி கொடுத்தார். பையன் மட்டும் கடைசி வரை வெளியே வரவில்லை. அவன் காயம் ஆற நாளாகும்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளை திங்கட்கிழமை காலையில் வயிற்று வலி என்றால், அதட்டாமல் என்ன என்று கேளுங்கள். பள்ளியில் காது கொடுக்காவிட்டால் 1098-க்கோ, பள்ளிக் கல்வித் துறையின் 14417-க்கோ போன் செய்யுங்கள். அதோடு, இன்று ராத்திரி சாப்பாடு போடும்போது இதையும் கேளுங்கள்: 'நீ யாரையாவது அழ வெச்சியாடா?' கேட்பீர்களா?

— ஒரு வாசகி, ஏற்காடு.