பதினெட்டா, இருபத்தொன்றா? தேக்கா சொல்லும் கணக்கு

ஜொகூர் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் வேறொரு சட்டம். மலேசியாவில் 1-12-2017 முதல் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. அதற்கு முன்பு 18 ஆக இருந்தது. சிங்கப்பூரில் இன்றைக்கும் 18தான். ஆக, நம் தோட்டத்து முச்சந்திக் கடையில் ஒரு டின் பீர் வாங்க முடியாத பத்தொன்பது வயதுப் பையன், பாலம் தாண்டித் தேக்காவுக்குப் போனால் தாராளமாக வாங்கலாம். காலையில் வேலைக்குப் போய் இரவில் திரும்பி வரும் பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைத் தாய்மார்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

"பழையபடி 18-க்கே இறக்கிவிட்டால் என்னங்க? ஓட்டுப் போடலாம், பாரம் தூக்கலாம், வீட்டுக்குச் சம்பளம் கொண்டாந்து கொடுக்கலாம், ஒரு பீர் குடிச்சா மட்டும் குத்தமா?" இப்படிக் கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். இதை விடலைப் பேச்சு என்று நாம் தள்ளிவிட மாட்டோம். மலேசிய நாடாளுமன்றம் 2019 ஜூலையில் ஓட்டுப் போடும் வயதை 21-இலிருந்து 18-க்குக் குறைத்தது. 2022 மார்ச்சில் நடந்த ஜொகூர் மாநிலத் தேர்தலில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் புத்தி இருக்கிறது, பாட்டிலைத் தேர்ந்தெடுக்கும் புத்தி இல்லையா என்ற கேள்வியில் நியாயம் இருப்பது போலத்தான் தெரியும்.

சிங்கப்பூரிலோ இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே ஓட்டுப் போட 21 ஆக வேண்டும். சிகரெட் வாங்கும் வயதை 2019 முதல் ஆண்டுக்கு ஒன்றாக ஏற்றி, 1-1-2021-இல் 21 ஆக்கிவிட்டார்கள். ஆனால் தேசிய சேவைக்கும் மதுவுக்கும் 18 போதும். ஜப்பானில் 2022 ஏப்ரலில் 'பெரியவர்' ஆகும் வயதை 20-இலிருந்து 18-க்குக் குறைத்தார்கள். மதுவையும் சிகரெட்டையும் மட்டும் 20-லேயே நிறுத்திக்கொண்டார்கள். ஓட்டு வயது வேறு, குடி வயது வேறு என்று பல நாடுகள் பிரித்தே வைத்திருக்கின்றன.

குறைத்துப் பார்த்தவர்களின் கதையும் உண்டு. அமெரிக்காவில் 1971-இல் ஓட்டு வயது 18 ஆனதும், "அப்படியென்றால் மதுவுக்கும் 18, 19 போதுமே" என்று பல மாநிலங்கள் குறைத்தன. அங்கெல்லாம் சாலையில் இளைஞர்கள் சாவது கூடியது. 1984-இல் மத்திய அரசே தலையிட்டு, 21 என்று வைக்காத மாநிலத்துக்குச் சாலைப் பணத்தில் ஒரு பங்கை வெட்டுவோம் என்று சட்டம் போட்டது. 1988-க்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்தன. நியூசிலாந்து 1999-இல் 20-இலிருந்து 18-க்கு இறங்கி, இன்றும் அதிலேயே நிற்கிறது. நம் பக்கத்தில் கர்நாடகம் 2023 ஜனவரியில் 21-ஐ 18 ஆக்க ஒரு வரைவு வெளியிட்டது. ஊரே எதிர்த்துக் கூச்சல் போட்டதும், அந்த மாதமே சுருட்டிக்கொண்டது.

இனித் தேக்காவுக்கு வருவோம். லிட்டில் இந்தியா என்று பலகையில் எழுதியிருந்தாலும் நமக்கு அது தேக்காதானே.

8-12-2013, ஞாயிற்றுக்கிழமை இரவு. ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடம். தொழிலாளர்களை விடுதிகளுக்குத் திருப்பி அழைத்துப் போகும் ஒரு தனியார் பேருந்தின் சக்கரத்தில் தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் சிக்கி இறந்தார். கூட்டம் கொதித்தது. முந்நூறு பேருக்கு மேல் கலவரத்தில் இறங்கினார்கள் என்றார்கள். போலீஸ் வண்டிகளும் ஆம்புலன்சும் எரிந்தன. 1969-க்குப் பிறகு அந்த நாடு அப்படியொரு கலவரத்தைப் பார்த்ததில்லை. இருபத்தைந்து பேர் மீது வழக்கு. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள்.

ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. 2014 ஜூனில் வந்த அறிக்கை, கலவரத்துக்கான காரணங்களில் ஒன்றாக மதுவையும் சொன்னது. அது பொய் என்று நாம் வாதாட வரவில்லை. ஞாயிறு மாலை அந்தத் திடல்களில் எத்தனை காலிப் பாட்டில்கள் கிடந்தன என்பது தேக்கா போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

பிறகு வந்ததுதான் 1-4-2015 முதல் நடப்பில் இருக்கும் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம். சிங்கப்பூர் முழுவதும் இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. சட்டம் வந்தபோது அந்த நேரத்தில் கடையில் வாங்கிப் போகவும் முடியாமல் இருந்தது. தேக்காவுக்கும் கேலாங்குக்கும் இன்னும் கடுமை. இந்த இரண்டும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். இங்கே சனிக்கிழமை காலை 7 மணி தொடங்கித் திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிப்பதே குற்றம். பொது விடுமுறைக்கு முதல் நாள் இரவு 7 மணி முதலும் அப்படியே. மற்ற இடத்தில் முதல் தடவைக்கு ஆயிரம் வெள்ளி வரை அபராதம் என்றால், இங்கே ஒன்றரை மடங்கு.

இந்தச் சட்டத்தில் வயது எங்கே வருகிறது என்று பாருங்கள். கடைக்காரர் 18 ஆகாதவருக்கு விற்கக் கூடாது என்பதோடு சரி. திடலில் உட்கார்ந்தவனைப் பார்த்து, உனக்கு 18 ஆச்சா, 38 ஆச்சா என்று யாரும் கேட்பதில்லை. பெண்டாட்டி பிள்ளையை ஊரில் விட்டுக் கடல் கடந்து வந்தவன் அவன். ஆறு நாளும் சாரத்தில் ஏறி இறங்குகிறான். ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பேரோடு படுக்கிறான். கூட்டாளியைப் பார்க்க, வீட்டுக்குப் பணம் அனுப்ப, தமிழில் நாலு வார்த்தை பேச அவனுக்குக் கிடைப்பது ஒரு ஞாயிறு. அதே ஞாயிற்றுக்கிழமை, அதே தெருவில், உணவகத்துக்குள் மேசை போட்டு உட்கார்ந்து கூடுதல் விலை கொடுப்பவர் குடிக்கலாம். அந்த உணவகத்துக்கு லைசென்ஸ் இருக்கிறது. புல்தரைக்கு லைசென்ஸ் யார் கொடுப்பது?

வயதைக் குறை என்று கேட்பவர் யார், ஏற்று என்று கேட்பவர் யார் என்பதை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்கிறோம். வயது என்பது பணம் உள்ளவன் பிள்ளைக்கும் இல்லாதவன் பிள்ளைக்கும் ஒரே மாதிரி விழும் கோடு. இடமும் நேரமும் அப்படி இல்லை. சுவரும் கதவும் சொந்தமாக இல்லாதவன் மேல்தான் அவை விழுகின்றன. தேக்காவின் குடியிருப்பாளர்களுக்கு நிம்மதி கிடைத்தது உண்மை. வாசலில் வாந்தியும் பாட்டிலும் இல்லாமல் தூங்க அவர்களுக்கும் உரிமை உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சட்டம் போடும் முன் அந்தத் திடலில் உட்கார்ந்தவனின் வாயைத் திறந்து யார் கேட்டார்கள்?

நம் தோட்டத்துக் கதை வேறு மாதிரி நடந்தது. கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தது வெள்ளைக்காரன் காலம். சம்பளம் ஒரு கையில் வாங்கி, இன்னொரு கையில் அங்கேயே கொடுக்கிற ஏற்பாடு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த நம் பாட்டன்மார் கேட்ட கோரிக்கைகளைப் புரட்டிப் பாருங்கள். சம்பள உயர்வு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிப்பது, இவற்றோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் இருந்தது. போருக்குப் பிறகு 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைக்கு முன் மறியலில் நின்றார்கள். மூடச் சொன்னவர்கள் உழைப்பாளிகளே. மேலிருந்து யாரும் வந்து 'இவனுக்குக் குடிக்கத் தெரியவில்லை' என்று தீர்ப்பு எழுதவில்லை. கள்ளுக்குப் பிறகு சம்சு வந்தபோதும், பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் கத்தினார்கள்.

ஆகவே நம் கருத்து இது: இந்தப் பக்கம் 21-ஐ இறக்கக் கூடாது. முதல் சம்பளம் கைக்கு வரும் வயது பதினெட்டு, பத்தொன்பது. மோட்டார் சைக்கிளில் ஏறும் வயதும் அதுதான். அந்த இரண்டு மூன்று வருஷத்தைப் பாட்டில் இல்லாமல் கடந்துவிட்டால் பிழைத்துக்கொள்கிற பிள்ளைகளை நாம் பார்க்கிறோம். அதோடு 21 என்பது காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது. மலேசியச் சட்டம் விற்பவரைத்தான் பிடிக்கிறது. அடையாள அட்டையைக் கேட்காத கடைக்காரரிடம் வயது பதினெட்டானாலும் ஒன்றுதான், இருபத்தொன்றானாலும் ஒன்றுதான். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவால் முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பலர் வெளிநாட்டுத் தொழிலாளிகள். வயது வந்தவர்கள்தான், மலிவாகக் கிடைத்ததை வாங்கிக் குடித்தவர்கள். தமிழ்நாட்டிலும் குடி வயது 21தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கு மேல் போனார்கள்.

பாலம் தாண்டிப் போகும் பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயம். சிங்கப்பூரில் 100 மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம் மது வரை வண்டி ஓட்ட விடுகிறார்கள். மலேசியாவில் 2020 அக்டோபரிலிருந்து 50 மில்லிகிராம்தான். உட்லண்ட்ஸில் குற்றமில்லாமல் வண்டியை எடுத்தவன் ஜொகூர் பாரு வந்து இறங்கும்போது குற்றவாளி ஆகிவிடலாம். இருபத்தொன்று முடிந்த அண்ணன்மாருக்கும் இது பொருந்தும். சனி, ஞாயிறில் தேக்காவில் கூட்டாளியோடு திடலில் உட்காரப் போகிறவர்கள் மேலே சொன்ன நேரங்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 'எனக்குத் தெரியாதுங்க' என்றால் அபராதம் குறையாது.

உங்கள் தோட்டத்துப் பக்கம் மது விற்கும் கடையில் பிள்ளைகளிடம் அடையாள அட்டை கேட்கிறார்களா, இல்லையா? வாசகர்கள் எழுதுங்கள். உங்கள் பெயரையோ கடைக்காரர் பெயரையோ போட வேண்டாம். எந்த மாவட்டம் என்று மட்டும் குறிப்பிட்டால் போதும். வந்த கடிதங்களைப் பார்த்து, அடுத்து யாரிடம் போய்க் கேட்பது என்று இந்தப் பகுதியில் எழுதுவோம்.