தெருவில் நிற்பவரின் முகம் யாருக்குச் சொந்தம்?

முன்பின் தெரியாத ஒருவரைத் தெருவில் படம் எடுக்கலாமா என்று கேட்டால், கேமரா வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "பொது இடம்தானே?" அதோடு பேச்சு முடிந்துவிடும். வீட்டுக்குள் எட்டிப் பார்த்து எடுத்தால் தப்பு, தெருவில் எடுத்தால் தப்பில்லை. கண்ணால் பார்க்க எல்லோருக்கும் உரிமை இருக்கிறது, கேமராவும் ஒரு கண்தான், அப்புறம் என்ன?

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணால் பார்த்தவர் பத்து நிமிடத்தில் மறந்துவிடுவார். கேமரா மறக்காது. அது பார்த்ததை விற்கலாம், பத்து வருடம் கழித்து வேறு எதற்கோ பயன்படுத்தலாம், கீழே என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். "பொது இடம்தானே" என்ற பதிலில் இதெல்லாம் வராது.

ஒரே புகைப்படக்காரர் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். அர்கோ தத்தா, ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தில் வேலை பார்த்தவர்.

முதல் படம் நம்மூர்ப் படம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. இரண்டு நாள் கழித்து, 28ஆம் தேதி, கடலூரில் எடுத்தது. ஒரு பெண் மணலில் குப்புற விழுந்து அழுகிறார். இரண்டு கைகளும் விரிந்து, உள்ளங்கைகள் வானத்தைப் பார்த்தபடி இருக்கின்றன. இறந்துபோன உறவினரின் கை மட்டும் படத்தின் ஓரத்தில் தெரியும். முகம் தெரியாது. 2004ஆம் ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்படமாக அது தேர்வானது. அந்த நேரத்தில் அந்தப் பெண்ணிடம் போய் "அம்மா, ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா" என்று கேட்டிருக்க முடியுமா? கேட்டிருந்தால்தான் அது அசிங்கம். படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாமே என்றால், அதுவும் சரியாகப் படவில்லை. செத்தவர்களின் எண்ணிக்கையைத் தினமும் படித்து மரத்துப்போனவர்களுக்கு, ஒரு வீட்டில் என்ன நடந்தது என்பதை அந்தப் படம் சொன்னது. பிணத்தின் முகத்தைக் காட்டாமல் விட்டதில் எடுத்தவருடைய நிதானமும் தெரிகிறது.

இரண்டாவது படம் அதற்கு முந்தையது. 2002 மார்ச் 1, குஜராத் கலவரம். அகமதாபாத்தில் மாடியில் சிக்கிக்கொண்ட ஒரு தையல்காரர், பாதுகாப்புப் படையினரைப் பார்த்துக் காப்பாற்றச் சொல்லிக் கைகூப்பிக் கெஞ்சுகிறார். கண்கள் கலங்கியிருக்கின்றன. உலகம் முழுக்கப் போன படம். குஜராத் கலவரம் என்றாலே இன்றும் நிறையப் பேருக்கு அந்த முகம்தான் ஞாபகம் வரும்.

அவர் உயிர் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். படம் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்தது. போஸ்டர்களில் வந்தது. கட்சிகள் பிரச்சாரத்துக்கு எடுத்துக்கொண்டன. வேலைக்குப் போன இடத்தில் அடையாளம் கண்டுகொண்டார்கள், வேலை போயிற்று. சொந்த ஊரை விட்டுக் கொல்கத்தாவுக்குப் போய்ச் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். பத்து வருடம் கழித்து, 2012இல், அர்கோ தத்தாவே அவரை முதன்முதலாக நேரில் சந்தித்து வருத்தம் தெரிவித்தார். அத்தோடும் முடியவில்லை. 2016 அசாம் சட்டமன்றத் தேர்தல் விளம்பரத்தில் மறுபடி அதே முகம், மறுபடியும் அவரைக் கேட்காமல். அவர் எதிர்த்துப் பேச வேண்டியதாயிற்று. (அவருடைய பெயர் இந்தக் கட்டுரையில் வேண்டுமென்றேதான் விடப்பட்டிருக்கிறது. கூகுளில் தேடினால் ஒரு நொடியில் கிடைத்துவிடும். பிரச்சினையே அதுதானே.)

இதில் தவறு எங்கே நடந்தது? 2002 மார்ச் 1 அன்று ஷட்டரை அழுத்தியதிலா? நிச்சயமாக இல்லை. அந்த நாளில் அந்த நகரத்தில் என்ன நடந்தது என்பதற்கு அது சாட்சி. ஒரு மனிதர் தன் வாழ்க்கையின் மிக மோசமான நிமிடத்தில் எப்படி இருந்தாரோ அப்படியே அவரைப் பதினான்கு வருடம் நிறுத்தி வைத்தார்களே, தவறு அங்கேதான். எடுத்தவர் ஒருவர், பயன்படுத்தியவர்கள் நூறு பேர். அந்த நூறு பேரில் எத்தனை பேர் அவரைக் கேட்டார்கள்?

பி.காம். படிக்கிற யாரும் இந்த இடத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு புகைப்படத்துக்கு மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது? கேமரா, திறமை, அலைச்சல், உயிரைப் பணயம் வைத்தது எல்லாம் புகைப்படக்காரருடையது. முகம் இன்னொருவருடையது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எடுத்தவர்தான் புகைப்படத்தின் ஆசிரியர். முகம் கொடுத்தவர் கணக்கில் எங்கேயுமே வரமாட்டார். பங்குதாரர் கிடையாது, கடன் கொடுத்தவர் கிடையாது, சரக்கு சப்ளை செய்தவர் என்றுகூட எழுத முடியாது. சப்ளை செய்தவருக்காவது ஒரு பில் இருக்கும் :-)

வேடிக்கை என்னவென்றால், முகத்துக்கு விலை உண்டு என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கே நன்றாகத் தெரியும். படங்களை மொத்தமாக விற்கும் ஸ்டாக் போட்டோ நிறுவனங்கள், அடையாளம் தெரிகிற மாதிரி ஒருவர் இருக்கும் படத்தை விளம்பரத்துக்கு விற்க வேண்டுமென்றால் "மாடல் ரிலீஸ்" என்ற ஒப்புதல் படிவத்தைக் கேட்கும். படத்தில் இருப்பவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். கையெழுத்து இல்லையா, "எடிட்டோரியல்" என்று ஒரு முத்திரை குத்திச் செய்திக்கும் கட்டுரைக்கும் மட்டும் விற்பார்கள். அதாவது சோப்பு விற்க வேண்டுமானால் உங்கள் அனுமதி வேண்டும். பத்திரிகை விற்க வேண்டுமானால் வேண்டாம். ஒரே முகம்தான்!

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் பொது இடத்தில் படம் எடுப்பதற்குப் பொதுவான தடை எதுவும் கிடையாது. 2008இல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதம் இல்லாமல் படம் பிடித்தால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் என்கிறது. நடந்தது பொது இடமாக இருந்தாலும் குற்றம்தான். நல்ல சட்டம். ஆனால் அது உடம்பைப் பற்றியது. சாதாரணமாக நின்றுகொண்டிருக்கும் ஒருவரின் முகத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

முகத்தைப் பற்றிப் பேசிய தீர்ப்பு ஒன்று தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் வந்தது. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடலாமா கூடாதா என்ற வழக்கு. 1994இல் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், ஒருவரைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிட வேண்டும் என்பது அவருடைய உரிமை என்றது. சம்மதமில்லாமல் ஒருவரின் பெயரையோ உருவத்தையோ பயன்படுத்துவது அந்த உரிமையை மீறுவது என்றும் சொன்னது. பிறகு 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த புட்டசாமி வழக்கு. பொது இடத்துக்கு வந்துவிட்டதாலேயே ஒருவருக்கு அந்தரங்கம் போய்விடாது, அது இடத்தோடு அல்ல, ஆளோடு ஒட்டியது என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. "பொது இடம்தானே" கட்சிக்காரர்கள் ஒருமுறை படிக்கலாம்.

ஆனால் நடைமுறையில் இந்த உரிமையால் பலன் பெறுகிறவர்கள் யார்? 2015இல் "மைன் ஹூன் ரஜினிகாந்த்" என்ற இந்திப் படத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. தன் பெயரையும் உருவத்தையும் பாணியையும் கேட்காமல் பயன்படுத்துகிறார்கள் என்று ரஜினி தொடுத்த வழக்கு. பிரபலமானவர்களுக்குத் தங்கள் ஆளுமை மீது உரிமை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ரஜினிக்குக் கிடைத்ததில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாவின் சுருக்கம் விழுந்த முகத்தைக் காலண்டரில் போட்டு விற்றால், அவர் எந்த வக்கீலிடம் போவார்? போனாலும் "உங்கள் முகத்துக்குச் சந்தை மதிப்பு என்ன" என்றுதான் முதலில் கேட்பார்கள். சம்பாதித்துக் கொடுக்கிற முகத்துக்கு வேலி, மற்ற முகங்கள் எல்லாம் புறம்போக்கு என்றாகிவிடுகிறது.

வெளிநாட்டிலும் ஒரே முடிவு கிடையாது. பிலிப் லோர்க்கா டிகோர்சியா என்பவர் 1999இலிருந்து இரண்டு வருடம், நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் மறைவாக விளக்குகளைப் பொருத்தி, போகிறவர் வருகிறவர்களைத் தூரத்திலிருந்து எடுத்தார். ஒரு படத்தில் இருந்தவர் வயதான யூதர். உருவம் பொறிப்பதை அவருடைய மதப்பிரிவு ஏற்காது. படத்தின் பிரதிகள் 20,000 டாலரிலிருந்து 30,000 டாலர் வரை விற்றன. வழக்குப் போட்டார், 2006இல் தோற்றார். கலை என்பது வணிகமில்லை என்றது நீதிமன்றம். (முப்பதாயிரம் டாலருக்கு விற்றாலும்!) கனடாவில் நேர் எதிர். மாண்ட்ரியாலில் ஒரு கட்டடத்தின் படிக்கட்டில் சும்மா உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை ஒரு கலைப் பத்திரிகை போட்டது. கூடப் படித்தவர்கள் கேலி செய்தார்கள். 1998இல் கனடா உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணின் பக்கம் தீர்ப்பளித்து 2,000 டாலர் இழப்பீட்டை உறுதி செய்தது. இரண்டு வழக்கிலும் பொது இடம்தான், இரண்டிலும் கலைதான்.

இதையெல்லாம் படிக்கும்போது கூவாகம் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. சித்திரையில் கூத்தாண்டவர் கோயில் திருவிழா. அரவானைக் கணவனாக வரித்துத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கைகள், மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்தி ஒப்பாரி வைப்பார்கள். அந்த ஒப்பாரியைச் சுற்றி எத்தனை கேமராக்கள் தெரியுமா? கண்ணீர் விழுகிற இடத்துக்கு ஒரு அடி தூரத்தில் லென்ஸ். ஆயிரக்கணக்கானவர்கள் கூடும் திடல், பொது இடம், சட்டத்தில் ஒரு தடையும் கிடையாது. ஆனால் வருகிற எல்லோரும் வீட்டில் சொல்லிவிட்டு வருகிறவர்கள் இல்லை. ஊரில் அண்ணனாகவோ தம்பியாகவோ இருந்துகொண்டு, வருடத்தில் ஒரு நாள் மட்டும் சேலை கட்டிக்கொள்ள வருகிறவர்களும் உண்டு. அங்கே எடுத்த படம் ஒன்று ஊர் வாட்ஸப் குழுவுக்குப் போனால் அவர் வீட்டுக்குத் திரும்ப முடியுமா என்பதே சந்தேகம். படம் எடுத்தவருக்கு அது போட்டியில் ஒரு பரிசு, அல்லது இன்ஸ்டாகிராமில் நானூறு லைக்.

அப்படியானால் கேட்காமல் யாரையும் எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிடலாமா? வேண்டவே வேண்டாம். அந்தச் சட்டத்தை முதலில் பிடித்துக்கொள்பவர் பூக்காரம்மாவாக இருக்கமாட்டார். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் வேன் மேல் ஏறி நின்று துப்பாக்கியைக் குறிபார்த்த காவலரிடம் அனுமதி வாங்கியா எடுக்க முடியும்? அந்தக் காட்சி மட்டும் இல்லாவிட்டால், மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் அங்கே இருந்தார் என்பதையே இல்லையென்று சொல்லியிருப்பார்கள். அதிகாரத்தில் இருப்பவர் வேலை செய்யும்போது எடுப்பதும், அழுகிறவர் அழும்போது எடுப்பதும் ஒரே தராசில் வைக்கிற விஷயமில்லை. எடுப்பதற்கான சுதந்திரத்தில் கைவைத்தால் அடி வாங்குவது இரண்டாவது வகைப் படமாக இருக்காது, முதல் வகைதான்.

கைவைக்க வேண்டியது எடுத்த பிறகு நடப்பதில். பத்திரிகைகளில் "கோப்புப் படம்" என்று சின்ன எழுத்தில் போடுவார்களே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மே மாதம், ஊரடங்குக்கு நடுவில் டாஸ்மாக் கடைகளைத் திறந்தபோது நின்ற வரிசைகளை எல்லாப் பத்திரிகைகளும் எடுத்தன. அன்றைக்கு அது செய்தி, முதல் பக்கத்தில் போட்டதில் தப்பில்லை. ஆனால் அந்த வரிசையில் நின்றவரின் முகத்தை, இரண்டு வருடம் கழித்துக் குடியால் கெடும் குடும்பங்கள் என்ற கட்டுரைக்கு நடுவில் போட்டால், அது அவரைப் பற்றிய பொய். அவர் அதற்குள் குடியை விட்டிருக்கலாம். மாமனாருக்காக வரிசையில் நின்றிருக்கலாம். அவருடைய பெண்ணுக்கு அன்றைக்குத்தான் பெண் பார்க்க வந்திருக்கலாம்!

இப்போது கேமரா எல்லோர் கையிலும் இருக்கிறது, ஆகவே கோப்பும் எல்லோரிடமும் இருக்கிறது. 2022இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில், வணிக வளாகத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் கையில் ஒரு இளைஞர் பூங்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். நண்பர்கள் அதைப் படம் பிடித்து டிக்டாக்கில் போட, கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். பாவம் தனிமையில் வாடும் கிழவி என்று உருகினார்கள். அந்தப் பெண்மணிக்கு உருக்கமெல்லாம் இல்லை, அவமானமாகத்தான் இருந்தது என்று பிறகு வெளிப்படையாகவே சொன்னார். பிச்சைக்காரருக்குப் பிரியாணி வாங்கிக்கொடுத்து அதை வீடியோ எடுக்கும் நம்மூர்ப் புண்ணியவான்கள், பிரியாணியை வாங்கியவர் வீடியோவுக்கும் சம்மதித்தாரா என்று கேட்டதாகத் தெரியவில்லை. பசியோடு இருப்பவர் வேண்டாம் என்று சொல்வாரா?

செய்யக்கூடியது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலையில்லை. எடுத்த பிறகு கேட்கலாம். டிஜிட்டல் திரையில் படத்தைக் காட்டி "இதைப் போடலாமா" என்று கேட்க அரை நிமிடம் ஆகும். முகம் சுளித்தால் அழித்துவிடலாம், ஃபிலிம் வீணாகிறது என்று சொல்ல இப்போது வழியில்லை. கூட்டத்தில் கேட்க முடியாமல் போனால், பின்னால் அவரே வந்து "போதும், எடுத்துவிடுங்கள்" என்று சொல்ல ஒரு வழி இருக்க வேண்டும். செய்திக்காக எடுத்ததைச் செய்தி முடிந்த பிறகும் பயன்படுத்துகிறவர், எதற்காக மறுபடி தேவைப்படுகிறது என்று சொல்லக் கடமைப்பட்டவர். அகமதாபாத் தையல்காரருக்கு அப்படி ஒரு வழி இருந்திருந்தால், 2016இல் அவர் தன் முகத்துக்காக ஒரு தேர்தல் விளம்பரத்தோடு மல்லுக்கு நின்றிருக்க வேண்டாம். ஒரு எழுத்துப்பிழைக்குக்கூட மறுநாள் திருத்தம் போடுகிற பத்திரிகைகள், கோப்பில் இருக்கும் தன் படத்தை இனிப் போடாதீர்கள் என்று சொல்ல வருகிற ஒருவருக்கு ஒரு மேசையும் ஒரு தொலைபேசி எண்ணும் ஒதுக்குவதற்கு என்ன செலவாகிவிடப் போகிறது?