இஸ்திரிப் பெட்டி எடுக்கும் கரன்ட்டில் 3,000 கி.மீ. ஓடும் சோலார் கார்... வீட்டு வாசலுக்கு வராதது ஏன்?

ஆஸ்திரேலியாவின் வடக்குக் கரையில் டார்வின். தெற்குக் கரையில் அடிலெய்டு. நடுவில் பாலைவனத்தைக் கிழித்துப் போகும் சுமார் 3,000 கி.மீ. ரோடு. இந்தத் தூரத்தை வெயிலை நம்பி கடக்கும் பந்தயம்தான் ‘வேர்ல்டு சோலார் சேலஞ்ச்’. 1987-ல் தொடங்கியது.

ரூல்ஸ் என்ன?

கிளம்பும்போது சின்ன பேட்டரியில் சார்ஜ் இருக்கலாம். அதன்பிறகு பிளக் பாயின்ட் கிடையாது. காலை 8 மணிக்கு வண்டியை எடுத்தா, மாலை 5 மணிக்கு எங்கே இருக்கீங்களோ அங்கேயே டென்ட் போட்டுத் தங்கணும்.

2023-ல் பெல்ஜியம் மாணவர்களின் கார் இந்தத் தூரத்தை 34 மணி நேரத்தில் முடித்தது. சராசரி வேகம் மணிக்கு 88 கி.மீ.! அந்த ஆண்டு பேனலுக்கு அனுமதி வெறும் 4 சதுர மீட்டர். உச்சி வெயிலிலும் அதில் கிடைப்பது சுமார் 1,000 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டிக்குத்தான் சரியா இருக்கும்.

அப்புறம் எப்படி இந்த வேகம்?

ரகசியம் பேனலில் இல்லை, சிக்கனத்தில் இருக்கு. காரின் எடை 200 கிலோவுக்கும் கீழே. ஒரே ஒரு டிரைவர், ஏசி இல்லை. காற்றில் வழுக்கிப் போற மாதிரி உடம்பு.

வேகத்தை இரண்டு மடங்காக்கினால், காற்றைக் கிழிக்க மட்டும் எட்டு மடங்கு பவர் வேணும். அதனால மேகம் எப்போ வரும், காற்று எந்தப் பக்கம் வீசும்னு கணக்குப் போட்டு, பின்னால் வரும் வண்டியிலிருந்து டிரைவருக்கு வேகத்தைச் சொல்லிக்கிட்டே இருப்பாங்க.

2005-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் மாணவர்கள் சராசரி 100 கி.மீ. வேகத்தைத் தாண்டினதும், பேனல் அளவைக் குறைச்சாங்க. 2025-ல் பந்தயத்தையே அக்டோபரிலிருந்து ஆகஸ்டுக்கு மாத்தினாங்க. அங்கே அது குளிர்காலம், வெயில் கம்மி. அப்பவும் ஜெயிச்சது டெல்ஃப்ட் டீம்தான்.

நம்ம கார் மேலயும் பேனல் ஒட்டலாமே?

ஒட்டலாம். ஆனா சாதாரண கார் கூரையில் சுமார் 2 சதுர மீட்டர்தான் பொருந்தும். நாள் முழுக்க வெயிலில் நிறுத்தினாலும் ஒரு எலெக்ட்ரிக் கார் 10 முதல் 15 கி.மீ. ஓடும் அளவுக்குத்தான் சார்ஜ் ஏறும். காரணம், வெயில் பத்தலைன்னு இல்லை. ஒன்றரை டன் இரும்பை இழுக்கணுமே!

பந்தயத்தில் குடும்பக் கார் பிரிவில் ஜெயித்த ஐந்தோவன் மாணவர்கள் சிலர் ‘லைட்இயர்’ கம்பெனி தொடங்கி, சோலார் காரை விற்பனைக்கும் கொண்டுவந்தாங்க. விலை 2.5 லட்சம் யூரோ. 2023 ஜனவரியில், தயாரிப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

அப்போ இந்தப் பந்தயத்தால் என்ன லாபம்?

பெரிய பேட்டரி, பெரிய கார்னு போட்டி போடும் உலகத்துக்கு, ஒரு கி.மீ. ஓட உண்மையில் எவ்வளவு கரன்ட் போதும்னு இது காட்டுது. அடுத்த முறை எலெக்ட்ரிக் கார் வாங்கப் போனா, ‘ஒரு சார்ஜுக்கு எத்தனை கி.மீ.?’ என்பதோடு, ‘ஒரு யூனிட்டுக்கு எத்தனை கி.மீ.?’ன்னும் கேட்டுப் பாருங்க. கரன்ட் பில்லை முடிவு பண்றது இரண்டாவது கேள்விதான்.