மரினை யாரும் கேட்கவில்லை

"அழகான சோகம்" என்று யாராவது சொன்னாலே எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. சென்னையில் ஒரு வாசிப்புக் கூட்டம். சினிமாவை விமர்சிப்பதுபோல வீடியோ கேமையும் விமர்சிக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. ஒரு தம்பி எழுந்து, நின்டெண்டோ கம்பெனி 1993இல் கேம் பாய் கருவிக்காக வெளியிட்ட 'லிங்க்ஸ் அவேக்கனிங்' பற்றிப் பேசினார். செல்டா வரிசையில் கையடக்கக் கருவிக்கு வந்த முதல் ஆட்டம், குறையே சொல்ல முடியாது, முடிவு ஓர் அழகான சோகம் என்றார். பிறகு பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி, "உங்களுக்கு இதெல்லாம் பழக்கமிருக்காது" என்று சிரித்தார்.

எனக்குப் பழக்கம் இருக்கிறது தம்பி. அந்த ஆட்டத்தைச் சுங்குவார்சத்திரத்தில், பத்துப் பேர் படுக்கும் அறையில், இரும்புக் கட்டிலின் மேல்தட்டில் படுத்துக்கொண்டு ஆடி முடித்தவள் நான். குறையும் சொல்வேன்.

அது 2019. டிப்ளமோ முடித்துவிட்டு, ஏஜென்சி வழியாக ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். நாள் முழுக்க எங்கள் விரல்கள் போன் பாகங்களின் மேல்தான் இருக்கும். ஆனால் எங்கள் சொந்தப் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. ஹாஸ்டலில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைக்காது, ஊர்ப் பெயர்தான். நான் போளூர். கீழ்க்கட்டிலில் இருந்தவள் செய்யாறு. பொங்கலுக்கு அவள் ஊருக்குப் போனபோது அவள் தம்பி பழைய கேம் பாய் ஆட்டங்கள் சிலவற்றைப் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தான். அவற்றில் ஒன்றுதான் இது.

ஆடாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். லிங்க் என்ற வீரனின் படகு புயலில் உடைகிறது. கொஹோலிண்ட் என்ற தீவில் கரை ஒதுங்குகிறான். மரின் என்ற பெண் அவனைக் கண்டெடுத்துக் காப்பாற்றுகிறாள். மலை உச்சியில் ஒரு பெரிய முட்டை. அதற்குள் காற்றுமீன் என்ற ஒன்று உறங்குகிறது. எட்டு நிலவறைகளில் இறங்கி எட்டு இசைக்கருவிகளைச் சேர்த்து வாசித்தால் அது விழிக்கும். அது விழித்தால்தான் லிங்க் தீவைவிட்டுப் போக முடியும்.

நல்லதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நிறைய இருக்கிறது. இது சின்ன ஆட்டம். அந்தச் சின்ன அளவுதான் அதன் பெருமை. 16க்கு 16 கட்டங்கள், அவ்வளவுதான் தீவின் நிலப்பரப்பு. நான்கே சாயல்கள் உள்ள திரை. ஆனால் எந்தக் கட்டத்துக்குப் போனாலும் ஒரு புதரோ, குகையோ, உளறும் ஒரு ஆளோ இருக்கும். கம்பெனி பஸ் ஹாஸ்டல் வந்து சேர்வதற்குள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு மூடிவைக்கலாம். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவளுக்குத் தோதான கணக்கு அது.

ஒரு பண்டமாற்றுச் சங்கிலியும் உண்டு. பொம்மையைக் கொடுத்தால் ரிப்பன், ரிப்பனுக்கு நாய் உணவு, அதற்கு வாழைப்பழம் என்று நீண்டுகொண்டே போகும். எங்கள் அறையே அப்படித்தான் நடந்தது. வேலூர்க்காரியின் ஊறுகாய் ஷாம்பு பாக்கெட்டாக மாறும், ஷாம்பு பாக்கெட் ஞாயிற்றுக்கிழமை பாத்ரூம் வரிசையில் ஓர் இடமாக மாறும். செய்யாறு அந்தச் சங்கிலியை யாரையும் கேட்காமலே முடித்தாள். (அதில் விளக்குமாறு ஒரு பாட்டிக்குப் போகிறது. பாட்டிக்கு வேறென்ன கொடுப்பார்கள்!)

இனி குறைகள். கேம் பாயில் கருவி பிடிக்க இரண்டே பொத்தான். இந்த ஆட்டத்தில் வாள்கூட ஒரு கருவிதான், அதையும் ஒரு பொத்தானில் மாட்ட வேண்டும். கல்லைத் தூக்க ஒரு வளையல், குதிக்க ஓர் இறகு, ஓட ஒரு ஜோடி பூட்ஸ். ஒவ்வொரு தடவையும் ஆட்டத்தை நிறுத்தி, பட்டியலைத் திறந்து, மாற்றி, மூடி, பிறகு மறுபடியும் அதே வேலை. லைனில் ஒரு கையில் ட்வீசரும் மறு கையில் ஸ்க்ரூடிரைவருமாக நிற்கிறவளுக்கு இது ஓய்வு இல்லை, ஓவர்டைம். வளையல் மாட்டாமல் கல்லை உரசினால்போதும், கனமாக இருக்கிறது என்று ஓர் அறிவிப்பு வந்து நிற்கும். நூறாவது தடவையும் வரும். எல்லாமே இங்கிலீஷ். ஓர் ஆந்தை வந்து நீளமாகப் பிரசங்கம் செய்யும். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளுக்கு அது பாதியில் மறைந்துவிடாதது மட்டும்தான் ஆறுதல்.

கடையில் காசு கொடுக்காமல் பொருளை எடுத்துக்கொண்டு ஓட முடியும். ஓடினால் அதற்குப் பிறகு தீவில் எல்லோரும் உங்களைத் 'திருடன்' என்றே கூப்பிடுவார்கள், நீங்கள் வைத்த பெயர் போய்விடும். மறுபடியும் கடைக்குள் போனால் கடைக்காரர் கொன்றுவிடுவார். இது பெரிய நகைச்சுவை என்று ஆண்கள் எழுதிப் படித்திருக்கிறேன். ஒன்றும் எடுக்காமலே தினமும் இரண்டு தடவை கைகளை விரித்து நின்று சோதனை கொடுத்த எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

இதெல்லாம் சின்ன விஷயம். என் சண்டை மரினுக்காக.

மரினை நன்றாக எழுதியிருக்கிறார்கள். அதை மறைக்க மாட்டேன். அந்தக் காலத்து ஆட்டங்களில் பெண் என்றால் கோட்டையில் அடைபட்ட இளவரசி. இதில் செல்டா இளவரசியே கிடையாது. மரின் பாடுவாள், கிண்டல் செய்வாள். கொஞ்ச தூரம் லிங்குடன் நடந்து வரும்போது அவன் கோழியை அடித்தால் முதலில் குதூகலித்துவிட்டு, பிறகு ஒன்றும் இல்லையென்று சமாளிப்பாள். பாலைவன வழியை மறித்துத் தூங்கும் வால்ரஸை வாளால் எழுப்ப முடியாது. அவள் பாட்டுதான் எழுப்பும். கடற்கரையில் உட்கார்ந்து, இந்தக் கடலுக்கு அப்பால் என்ன இருக்கும், நான் ஒரு கடற்புறாவாக இருந்தால் எவ்வளவு தூரம் பறந்துபோவேன் என்று கேட்கிறாள். அந்த இடத்தில் செய்யாறு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். "யக்கா, இவ நம்ம ரூமு பொண்ணுக்கா" என்றாள்.

பிறகு ஒரு கோயில் சுவரில் உண்மை எழுதியிருக்கிறது: தீவே காற்றுமீன் காணும் கனவு. அது விழித்தால் தீவு இல்லை. மரின் இல்லை, அவள் அப்பா இல்லை, விளக்குமாறு வாங்கிய பாட்டி இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் லிங்க் அடுத்த நிலவறைக்குத்தான் போகிறான். மரினிடம் போய்ச் சொல்லும் ஒரு வரி ஆட்டத்தில் கிடையாது. மலைப்பாலத்தில் அவள் ஏதோ மனம்விட்டுச் சொல்ல வருகிறாள். அந்த நேரம் பார்த்து அவள் அப்பா வந்துவிடுகிறார். விழிக்கவிடாமல் தடுக்கும் அரக்கர்கள் மட்டும்தான் தீவு அழிந்துவிடும் என்று வாய்விட்டுச் சொல்கிறார்கள். அவர்களுக்குத் துர்க்கனவுகள் என்று பெயர்.

இதைத்தான் அழகான சோகம் என்கிறீர்கள். யாருடைய சோகம்? கரைக்கு வந்து, எட்டுக் கருவி சேர்த்து, கிளம்பிப் போகிறவனுடைய சோகம். குடியிருந்தவர்கள் மறைவது அவனுக்கு ஒரு பின்னணி இசை.

எங்கள் பக்கத்தில் ஒரு தீவு மறைந்த கதை ஊருக்கே தெரியும். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பான்மை இளம்பெண்கள். கம்பெனி தன் போன் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்றது. வரித் தகராறால் இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே இருபத்து சொச்சம் வயதுப் பெண்களுக்கு 'விருப்ப ஓய்வு' கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அந்த வயதில் ஓய்வு! உலகச் சந்தை, தொழில்நுட்ப மாற்றம் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தக் கட்டுரைகளிலும் சோகம் அழகாகத்தான் இருந்தது. யார் கனவில் யார் குடியிருந்தார்கள், விழிக்கும்போது யாரைக் கேட்டார்கள் என்பது மட்டும் இல்லை.

சில தோழிகள் என்னிடம், "உழைக்கும் பெண்களுக்கு ஆயிரம் பிரச்சினை, நீ கேமைப் பற்றி எழுதுகிறாயே" என்று கேட்டார்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள், ஹாஸ்டல் சாப்பாட்டால் நோயுற்ற தங்கள் கூட்டாளிகள் என்ன ஆனார்கள் என்று கேட்டு ஆயிரக்கணக்கில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கட்டிலில் படுத்துக்கொண்டு என்ன பார்த்தார்கள், என்ன ஆடினார்கள், எதற்கு அழுதார்கள் என்று நம்மில் யாராவது கேட்டோமா? சோற்றைப் பற்றி மட்டும் கேட்டால் போதும் என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் அந்தத் தம்பி சொன்னார்: "மரின் பிழைக்கவும் வழி இருக்கிறது." இருக்கிறது. ஆடுபவர் தொடக்கம் முதல் கடைசிவரை ஒருமுறைகூடச் சாகாமல் ஆடி முடித்தால், இறுதியில் அவள் பறப்பதைக் காட்டுவார்கள். ஒருமுறை தவறினாலும் கிடையாது. கவனியுங்கள், அவள் ஆசை நிறைவேறுவது அவளுடைய திறமைக்கு அல்ல, அவனுடைய திறமைக்குக் கிடைக்கும் போனஸ். எங்கள் சூப்பர்வைசர் அட்டெண்டன்ஸ் போனஸையும் இப்படித்தான் விளக்குவார்: ஒருநாள் தவறினால் மாதமே போச்சு.

நாங்கள் ஆடிக்கொண்டிருந்த அதே 2019இல் இந்த ஆட்டத்தை ஸ்விட்ச் கருவிக்குப் புதிதாகச் செய்து வெளியிட்டார்கள். பொத்தான் தொல்லையைச் சரிசெய்தார்கள். வாளுக்கும் கேடயத்துக்கும் தனி இடம் கிடைத்தது. இருபத்தாறு ஆண்டுகளாக வந்த புகார்களில் எது காதில் விழுந்தது என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். மரினின் கதையில் எதையும் தொடவில்லை.

நான் முட்டைக்குள் போனேன், முடித்தேன், மரக்கட்டையைப் பிடித்து மிதக்கும் லிங்க்கையும் மேலே பறக்கும் காற்றுமீனையும் பார்த்தேன். பலமுறை செத்திருந்ததால் எனக்கு மரினைக் காட்டவில்லை. செய்யாறு எட்டுக் கருவிகளையும் சேர்த்தபிறகு மலையேறவில்லை. ஆட்டத்தைக் கடற்கரையில் நிறுத்திச் சேமித்துவிட்டாள்.

"முடிச்சிடேன்டி, கொஞ்ச தூரந்தான்" என்றேன்.

"வேணாங்க்கா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

ஒப்பந்தம் முடிந்து அவள் ஊருக்குப் போன அன்றும் அந்தப் போனில் தீவு அப்படியேதான் இருந்தது.