வில்லன் இல்லாம ஒரு படக்கதை போடுவோமா?



ஓவியர் ராஜா ரவிவர்மாவின் வாழ்க்கையை அடுத்த மாதம் முதல் இந்தச் சுவரில் தொடர் படக்கதையாகப் போட நம்ம ஆசிரியர் குழு முடிவு செய்திருக்கிறது. ரொம்ப நல்ல விஷயம். நம்ம நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடுதான் இருந்தது. அந்த வகையில் ரவிவர்மா நமக்கு அடுத்த வீட்டுக்காரர் மாதிரி. 1894-ல் அவர் பம்பாயில் அச்சகம் ஆரம்பித்த பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் வண்ணப் படமாகச் சாதாரண வீட்டுச் சுவருக்கும் வந்தார்கள். ஆனால் குழு தயார் பண்ணியிருக்கும் கதையில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு.

கதை இதுதான். 1848-ல் கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா, 14 வயதில் மாமாவோடு திருவனந்தபுரம் வருகிறார். ஆயில்யம் திருநாள் மகாராஜா ஆதரவு தருகிறார். அப்போது அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர். எண்ணெய் வண்ணத்தில் வரையும் வித்தை தெரிந்தவர். பையனுக்குச் சொல்லித்தர மாட்டேன் என்றுவிட்டார். அவரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளை ரகசியமாக வந்து சொல்லிக்கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1868-ல் வந்த தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் சொல்லித்தரவில்லை. தான் வரையும்போது பக்கத்தில் நின்னு பாத்துக்கோ என்று மட்டும் விட்டார். 1873-ல் சென்னைக் கண்காட்சியில் ரவிவர்மாவுக்குத் தங்கப் பதக்கம்!

நம்ம குழு என்ன செய்திருக்கிறது தெரியுமா? நாயக்கருக்கு முறுக்கு மீசை, சிவந்த கண். பையனின் தூரிகையை ஒடிக்கிறார், ஆறுமுகத்தைச் சாட்டையால் அடிக்கிறார். ஏம்டே இப்படீன்னு கேட்டால், "வில்லன் இல்லேன்னா எவன் நின்னு வாசிப்பான்?" என்கிறார்கள்.

மறுத்தார் என்பதுதான் தெரிந்த செய்தி. சாட்டை நம்ம கைச்சரக்கு!

அவர் ஏன் மறுத்தார் என்று கொஞ்சம் யோசிங்க. பத்மநாபபுரம் அரண்மனை மேல்மாடிச் சுவரோவியங்களைப் பார்த்திருப்பீர்கள். அது செம்மண், மஞ்சள் மண், விளக்குக் கரி என்று கிடைத்த பொருளை வைத்துச் செய்த வேலை. எண்ணெய் வண்ணம் வேறு. ஆளி விதை எண்ணெயில் பொடியைக் குழைத்துப் பூசுவது. சீக்கிரம் காயாது. அதனால் வெளிச்சத்தையும் நிழலையும் மெதுவாக ஒன்றோடொன்று இழைக்க முடியும், முகத்தில் சதையும் தோலும் உயிரோடு தெரியும். அன்று அது நம்ம பக்கம் புதுசு. தெரிந்தவர் ஒருசிலர்தான். அந்த வித்தைதான் நாயக்கருக்குச் சோறு. ராஜா வீட்டு உறவுக்காரப் பையன் அதைப் படித்துவிட்டால் நாளைக்கு இவருக்கு வேலை இருக்குமா? வடசேரியில் கோவில் நகை செய்கிற பொன்னாசாரிமாரிடம் போய்த் தொழில் ரகசியம் கேட்டுப் பாருங்கள், உடனே சொல்லிவிடுவார்களா? பயந்த மனுஷனைக் கெட்ட மனுஷன் ஆக்கக்கூடாது.

இதில் விளையாட்டு இல்லை. இத்தாலியில் வசாரி என்பவர் 1550-ல் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதினார். அதில், டொமெனிகோ வெனிசியானோவின் எண்ணெய் வண்ண வித்தையில் பொறாமைப்பட்டு, ஆந்திரேயா தெல் கஸ்தாஞ்ஞோ என்ற ஓவியர் அவரைக் கொன்றுவிட்டார் என்று ஒரு கதை. சுமார் 300 வருஷம் உலகம் நம்பியது. பிறகு பழைய பதிவேடுகளைப் பார்த்தால், "கொலைகாரர்" இறந்தது 1457-ல், "கொல்லப்பட்டவர்" இறந்தது 1461-ல்! செத்தவர் எப்படிக் கொலை செய்வார்? சுவையான ஒரு கதையால் ஒரு நல்ல ஓவியர் 300 வருஷம் கொலைகாரராக இருந்தார்.

அப்போ கற்பனையே கூடாதா? கூடும். 'சிவகாமியின் சபத'த்தில் மகேந்திர பல்லவர் நிஜம். அஜந்தா வண்ண ரகசியத்துக்காக ஏங்கும் ஆயனச் சிற்பி கற்பனை. யார் பேரும் கெடவில்லை, கதையும் குறையவில்லை. வரலாறு பேசாத இடத்தில் கற்பனை பேசலாம். வரலாறு சொன்னதைத் திருப்பக்கூடாது.

அதனால் என் யோசனை இது. ஆறுமுகம் பிள்ளையைக் கதாநாயகன் ஆக்குங்க! பகலில் ஒருத்தரிடம் சம்பளம், ராத்திரி இன்னொருத்தருக்குப் பாடம். மாட்டிக்கிட்டால் வேலை போகும். தெரிஞ்சும் ஏன் போனார்? காசுக்கா, பாசத்துக்கா, நல்ல கை ஒன்றைக் கண்ட ஆசையா? இதைவிடப் பெரிய சண்டைக் காட்சி என்ன வேணும்? பதக்கம் வாங்கியவர் பேர் ஊருக்கே தெரியும். வழி காட்டியவருக்கு வரலாற்றில் ஒன்றிரண்டு வரிதான்.

பக்கத்து பெஞ்சு நண்பன், "அவரைக் கோட்டாறுக்காரர்னு வச்சிருவோம்லே, நமக்கும் பெருமை" என்கிறான். வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு தாளின் கடைசியிலும் இரண்டு கட்டம் போட்டு, ஒன்றில் 'நிஜம்', இன்னொன்றில் 'நாங்க சேர்த்தது' என்று எழுதணும். ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளும் இந்தச் சுவரைத்தான் படிக்கிறார்கள். நந்தினி உண்மையிலேயே இருந்தாள் என்று நம்ம வகுப்பிலேயே எத்தனை பேர் அடித்துச் சொல்கிறார்கள்!

குழுவினரே, முதல் தாளை இன்னும் மை போட்டு முடிக்கவில்லை. பென்சிலில்தான் இருக்கிறது. சாட்டையை அழிக்க ஒரு ரப்பர் போதும். என் கருத்துக்கு மறுப்பு உள்ளவர்கள் எழுதிக் கொடுங்கள், பக்கத்திலேயே ஒட்டுவோம்.

— பதினொன்றாம் வகுப்பு மாணவன்