அவர்கள் மனசாட்சியும் நம் மனசாட்சியும்

நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் நடுவே இருப்பது நாகப்பட்டினம் மட்டும்தான். ஒரே கடற்கரை. கந்தூரிக் கூட்டத்தில் மற்ற சமயத்தவரையும், ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8-ல் முடியும் மாதா திருவிழாக் கூட்டத்தில் முஸ்லிம்களையும் இந்துக்களையும் காண்பது இப்பகுதிக்குப் புதிதல்ல. வேளாங்கண்ணி மாதாவுக்குக் கத்தோலிக்கர்கள் இட்டிருக்கும் பெயரே ஆரோக்கிய மாதா. வழிபாடு அவர்களுடையது. ஆனால் கன்னியாஸ்திரீகள் நடத்தும் மருத்துவமனைகளின் பயன் எல்லோருக்கும் கிடைத்து வருகிறது. பெண் மருத்துவர் இருப்பார், மானம் மரியாதையோடு கவனிப்பார்கள் என்ற நம்பிக்கையில் முஸ்லிம் குடும்பங்கள் பிரசவத்துக்கு இத்தகைய மருத்துவமனைகளைத் தேடிப் போகின்றன.

இந்த மருத்துவமனைகளில் சில காரியங்கள் நடப்பதில்லை. கருக்கலைப்பு கிடையாது; குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் கிடையாது; கருத்தடை மாத்திரையும் எழுதித் தரமாட்டார்கள். செயற்கைக் கருத்தடை கூடாது என்று 1968-ல் போப் ஆறாம் பவுல் வெளியிட்ட சுற்றுமடல் இன்றும் திருச்சபையின் போதனையாக இருக்கிறது.

"மருத்துவமனை என்று போர்டு மாட்டிவிட்டு, தங்கள் மதத்தை நோயாளி மீது திணிக்கலாமா?" என்று நம் இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். "அது அவர்கள் விவகாரம், நமக்கென்ன?" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே அவசரப் பேச்சு. இது நம் விவகாரமும்தான். எப்படி என்று பார்ப்போம்.

அரசியல் சாசனத்தின் 25வது பிரிவை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். மதத்தைப் பின்பற்றும் உரிமைக்கு முன்பாகவே அந்தப் பிரிவு சொல்லும் வார்த்தை 'மனசாட்சிச் சுதந்திரம்' என்பதாகும். பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு அது எல்லோருக்கும் சமமாகத் தரப்பட்டிருக்கிறது.

ஆனால் 2002-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் வெளியிட்ட மருத்துவர் நடத்தை விதிகள் என்ன சொல்கின்றன? மருத்துவ ரீதியாகத் தேவைப்படும்போது, மதக் காரணத்தை மட்டும் காட்டி ஒரு மருத்துவர் நான்கு காரியங்களை மறுக்கக் கூடாது. மலடாக்கும் சிகிச்சை, கருத்தடை, கருக்கலைப்பு ஆகியவை மூன்று. நான்காவது எது தெரியுமா? சுன்னத்! ஆம், நம் பிள்ளைகளுக்குச் செய்யும் கத்னாவும் அதே வரியில்தான் இருக்கிறது. கத்தோலிக்க மருத்துவரைக் கட்டுப்படுத்தும் அதே விதி, மதக் காரணம் சொல்லி நம் பிள்ளையைத் திருப்பி அனுப்ப நினைக்கும் மருத்துவரையும் கட்டுப்படுத்துகிறது. ஆகவே, "விதியே வேண்டாம்" என்று நாம் சொல்ல முடியாது. "விதி அப்படியே இருக்கட்டும், அடுத்தவன் மனசாட்சி எக்கேடு கெட்டால் என்ன?" என்றும் சொல்ல முடியாது.

பிள்ளைப்பேறு விஷயத்தில் அரசாங்கம் மனசாட்சியை மிதித்தால் என்ன ஆகும் என்பதை இந்நாட்டு முஸ்லிம்கள் அனுபவித்தே அறிந்திருக்கிறார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 ஆகிய ஒரே ஆண்டில், 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யப்பட்டது. அரியானாவில் மேவாத்தி முஸ்லிம்கள் வாழும் உட்டாவர் கிராமத்தைப் போலீஸ் சுற்றி வளைத்து ஆண்களைப் பிடித்துச் சென்றதை வரலாறு மறக்கவில்லை. ஆள் பிடித்துத் தராத ஆசிரியர்களின் சம்பளம் நிறுத்தப்பட்டது. "சட்டம் சொல்கிறது, செய்!" என்ற ஒற்றை வார்த்தைக்கு அவ்வளவு பலம். அந்த வார்த்தையை இன்று ஒரு கன்னியாஸ்திரீ மீது ஏவினால், நாளை அது யார் வாசலுக்கு வரும்?

இன்னொரு உதாரணம். 1985-ல் கேரளத்தில் யெகோவா சாட்சிகள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள். பாட மட்டும் மறுத்தார்கள். பள்ளியை விட்டு நீக்கப்பட்ட அவர்களை 1986-ல் உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது. 36 ஆண்டுகள் கழித்து, 2022 அக்டோபரில், கர்நாடக ஹிஜாப் வழக்கில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார்கள். நம் மாணவியருக்கு ஆதரவாக எழுதிய நீதிபதி சுதான்சு தூலியா துணைக்கு எடுத்துக்கொண்டது அந்தக் கிறிஸ்தவப் பிள்ளைகளின் வழக்கைத்தான். அவர்கள் அன்று வென்றெடுத்த உரிமை நமக்கு வாதமாயிற்று. பிறர் மனசாட்சிக்காகப் பேசுவது தர்ம காரியம் மட்டுமல்ல, தற்காப்பும் ஆகும்.

இது ஒருபுறமிருக்க, மனசாட்சிக்கும் எல்லை உண்டு. நள்ளிரவில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணை அருகிலுள்ள மருத்துவமனைக்குத் தூக்கி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவள் அங்கே மதத்தைத் தேடி வரவில்லை. உதவி தேடி வருகிறாள். 2013-ல் திருத்தப்பட்ட குற்றவியல் சட்டம், அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் அவளுக்கு உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது. மறுத்தால் ஓராண்டு வரை சிறை. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டங்களிலும் இது நீடிக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 2014-ல் தந்த வழிகாட்டுதலின்படி, அவசர கருத்தடை மாத்திரையும் அந்தச் சிகிச்சையில் அடங்கும்.

இந்த மாத்திரையைப் பற்றித் தவறான எண்ணம் பரவியிருக்கிறது. இது கருக்கலைப்பு மாத்திரை அல்ல. முட்டை வெளிப்படுவதைத் தடுத்தோ தள்ளிப்போட்டோ கரு உண்டாகாமல் செய்வதே இதன் வேலை. உண்டாகிவிட்ட கருவை இது கலைப்பதில்லை. 72 மணி நேரத்துக்குள், அதுவும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தர வேண்டும். அலைக்கழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவளுக்கு நஷ்டம்.

ஜெர்மனியில் நடந்ததைக் கேளுங்கள். 2012 டிசம்பரில் கொலோன் நகரில், வன்கொடுமைக்கு ஆளானதாக அஞ்சி வந்த ஓர் இளம்பெண்ணைப் பரிசோதிக்க இரண்டு கத்தோலிக்க மருத்துவமனைகள் மறுத்தன. பரிசோதித்தால் இந்த மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டிவரும் என்பதே காரணம். நாடே கொதித்தது. திருச்சபையில் மிகக் கண்டிப்பானவர் என்று பெயரெடுத்த கர்தினால் மைஸ்னர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். மருத்துவர்களிடம் விசாரித்தறிந்து, கரு உண்டாவதைத் தடுக்கும் மாத்திரையை வன்கொடுமைக்கு ஆளான பெண்ணுக்குத் தரலாம் என்று அறிவித்தார். 2013 பிப்ரவரியில் ஜெர்மன் ஆயர்கள் பேரவையும் அதை ஏற்றது. அமெரிக்க ஆயர்களின் மருத்துவமனை நெறிமுறைகளிலும், கரு உண்டாகவில்லை என்றால் இதற்கு இடமிருக்கிறது. ஆகவே, இந்த ஒரு விஷயத்தில் சட்டத்துக்கும் திருச்சபைக்கும் மோதல் என்று சொல்வதற்கே இடமில்லை. அறியாமைதான் மோதலை உண்டாக்குகிறது. நம் பகுதி மருத்துவமனை எதன் மீதும் நாம் குற்றம் சுமத்தவில்லை. ஆனால் இரவு டியூட்டியில் இருக்கும் செவிலியர் வரைக்கும் இந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

இப்போது நம் வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்க அனுமதிக்கப்பட்ட இந்த மாத்திரை, தமிழகத்தின் மருந்துக் கடைகளில் கிடைப்பதே அரிது என்று பல ஆண்டுகளாகச் செய்திகள் வந்திருக்கின்றன. மருந்துக் கடை நடத்தும் நம்மவரில் சிலர் "இது ஒழுக்கக் கேட்டுக்குத் துணை போவது" என்று கருதலாம். அப்படிக் கருதுவது அவர் உரிமை. ஆனால் கேட்டு வந்தவள் யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கைக்குழந்தையோடு இருக்கும் குடும்பப் பெண்ணாக இருக்கலாம். கொடுமைக்கு ஆளானவளாகவும் இருக்கலாம். நபித்தோழர்கள் காலத்திலேயே 'அஸ்ல்' என்ற கருத்தடை முறை வழக்கில் இருந்ததும், அதன் அடிப்படையில் தற்காலிகக் கருத்தடையை மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் அனுமதிப்பதும் நாம் அறிந்ததே. விற்பதில்லை என்று முடிவு செய்தவர் அதை நேராகச் சொல்லட்டும். கிடைக்கும் இடத்தைக் காட்டட்டும். இருப்பு வைத்துக்கொண்டே இல்லை என்று பொய் சொல்வதும், நாலு பேர் முன்னிலையில் அவளை ஏற இறங்கப் பார்ப்பதும் மனசாட்சியல்ல, அகம்பாவம்.

எனவே நாம் வலியுறுத்துவது இதுதான். தன் நம்பிக்கைக்கு விரோதமான சிகிச்சையிலிருந்து ஒதுங்கிக்கொள்ளும் உரிமையை மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் சட்டம் தெளிவாகத் தரட்டும். அந்த உரிமையோடு மூன்று கடமைகளையும் சேர்த்தே எழுதட்டும். ஒன்று, எதைச் செய்வதில்லை என்பதை நோயாளி படுக்கையில் சேர்வதற்கு முன்பே தமிழில் போர்டு எழுதி அறிவிக்க வேண்டும். இரண்டு, செய்யும் இடத்துக்குத் தாமதமின்றி அனுப்பி வைக்க வேண்டும். மூன்று, உயிருக்கு ஆபத்து என்றாலோ, வன்கொடுமைக்கு ஆளானவள் என்றாலோ, ஒதுங்கும் உரிமை கிடையாது. மறுப்பவர் தன் மறுப்பின் சிரமத்தைத் தானே சுமக்க வேண்டும். ஏழைப் பெண்ணின் தலையில் அதை இறக்கி வைக்கக் கூடாது.

அளவையில் மோசம் செய்பவர்களை எச்சரித்துத் தொடங்கும் அத்தியாயமே திருக்குர்ஆனில் உண்டு. 83வது அத்தியாயம். வாங்கும்போது நிறைவாக அளந்து, கொடுக்கும்போது குறைத்து நிறுப்பவர்களை அது கண்டிக்கிறது. கடைத்தெருவில் மட்டுமல்ல, உரிமை கேட்கும் இடத்திலும் அந்த எச்சரிக்கையை நினைவில் வைப்போம். ஹிஜாபுக்கு நாம் கேட்கும் அதே அளவை, கன்னியர் மடத்து மருத்துவமனைக்கும் குறையாமல் கொடுப்போம். இருவர் வாசலுக்கும் உதவி தேடி வரும் பெண்ணின் நியாயத்தையும் குறையாமல் நிறுப்போம்.